கால்ஷீட் அண்ணாத்தேயின் வலது கால்

அம்பத்தூரில் ரயில் ஏறி ஆவடியில் இறங்குவதற்குள் உங்கள் பெட்டியில் எத்தனை முதுகுகள் இருக்கின்றன என்று பாருங்கள். அதில் பாதி முதுகையாவது கால்ஷீட் அண்ணாத்தே உதைத்திருப்பார். மீதிப் பாதி, உதை வாங்குவதற்காக அவர் கடை வாசலில் வரிசையில் நின்று, ஆபீசுக்கு நேரமாகிவிட்டதே என்று ஏமாற்றத்தோடு திரும்பிப் போன முதுகுகள். நான் அளந்துவிடுகிறேன் என்று நினைப்பவர்கள் திருமுல்லைவாயிலுக்கு நேரில் வந்து விசாரித்துக்கொள்ளலாம்.

உதை என்றதும் அவரை ரவுடி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் தண்ணீர் கேன் கடை வைத்து, எங்கள் அபார்ட்மெண்டுக்கும் கேன் போடுகிறவர். எறும்பு வரிசையைப் பார்த்தால் கேனோடு சுற்றிக்கொண்டு போகிற ஆசாமி. ஆனால் அவர் பிறந்தபோது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வெளியே வந்துவிட்டதாம். அப்படிக் காலால் பிறந்தவர்கள் உதைத்தால் முதுகுப் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பு, மூச்சுப் பிடிப்பு எல்லாம் விட்டுவிடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. அதற்குக் காசு வாங்கக் கூடாது. உதை வாங்கியவர் நன்றியும் சொல்லக் கூடாது என்பது அண்ணாத்தே தன் கைக்காசு போட்டுச் சேர்த்துக்கொண்ட சட்டம்.

பெரிய நடிகர்களின் கால்ஷீட்டுக்குத் தயாரிப்பாளர்கள் தவம் கிடப்பதைப்போல அவருடைய காலுக்கு ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள். காலையில் கேன் போட்டு முடிக்கும்வரை கால் கிடைக்காது. செவ்வாயும் வெள்ளியும் அறவே கிடையாது. "அண்ணாத்தே, இன்னைக்குக் கால்ஷீட் கெடைக்குமா?" என்று எந்தப் புண்ணியவானோ கேட்டிருக்கிறான், அதுவே பெயராக நின்றுவிட்டது. சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் காலை அவர் பராமரித்த அழகைச் சொல்ல வேண்டும். விசேஷம் வலது காலுக்கு மட்டும்தான். "ரெண்டு காலும் சேர்ந்துதானே அண்ணாத்தே வந்திருக்கும்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"வலது காலு தான் சார் மொதல்ல எட்டிப் பாத்துச்சு. எங்கம்மா சொல்லிச்சு. எடது காலு சும்மா அதுகூட வந்த பார்ட்டி."

அதனால் வலது காலில் தடித்த அடிபோட்ட கறுப்பு ஷூ, உள்ளே வெள்ளைக் காலுறை, தினசரி பாலிஷ். இடது காலில் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டு பேர் ஒரே லுங்கியைக் கட்டிக்கொண்டு வருவதுபோல இருக்கும். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்றால் வலது காலுக்கு மட்டும் பிளாஸ்டிக் பை. படி இறங்கும்போது முதலில் இடது கால்தான் இறங்கி நிலைமை எப்படி என்று பார்த்துச் சொல்லவேண்டும், பிறகுதான் பெரியவர் இறங்குவார்.

எல்லாவற்றையும்விட அவர் மொபெட் கிளப்புவதைப் பார்ப்பதற்காகவே நான் பால்கனியில் நிற்பேன். வண்டியின் கிக்கர் வலது பக்கம். வலது காலால் இயந்திரத்தை உதைப்பதாவது. வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, அந்தப் பக்கம் போய், வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, இடது காலால் கழுதை உதைப்பதுபோலப் பின்னால் ஒரு உதை விடுவார். சில நாள் வண்டி கிளம்பும். பல நாள் செருப்புதான் கிளம்பிப் போய் எதிர்வீட்டு வாசலில் விழும்.

பிடிப்புகளை அவர் தரம் பிரித்து வைத்திருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் நாளெல்லாம் குந்தியிருப்பவர்களுக்கு வருவது சாப்ட்வேர் புடிப்பு. குண்டும் குழியுமான ரோட்டில் வண்டி ஓட்டி வருவது டூ வீலர் புடிப்பு. மாமனார் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்புகிற அன்று காலையில் மட்டும் சில கணவர்களுக்கு வருவது மாமியா ஊட்டுப் புடிப்பு. "அதுக்கு நம்ம காலு ஒத்துக்காது நைனா, நீ மரியாதையா பஸ் ஏறு" என்று அனுப்பிவிடுவார். கீழே விழுந்து அடிபட்டவர்களையும், வலி காலுக்கு இறங்கி மரத்துப்போகிறது என்பவர்களையும் தொடவே மாட்டார். "இது நம்ம டிபார்ட்மெண்டு இல்ல, ஆஸ்பத்திரிக்கு ஓடு" என்று ஆட்டோ பிடித்துக் கொடுப்பார். அந்த நிதானம் அவரிடம் இருந்தது.

என் முதுகு அவரிடம் போன கதையையும் சொல்லிவிடுகிறேன், ஒளித்து என்ன ஆகப்போகிறது. லாஃப்டில் இருந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கினேன். மிக்ஸி வாங்கியபோது வந்த பெட்டி. உள்ளே மிக்ஸி இல்லை. கையை உயர்த்தித் திரும்பிய அதே கணத்தில் வலது விலாவில் துணி காயப்போடுகிற கிளிப்பை யாரோ மாட்டிவிட்டதுபோல ஒரு பிடி. மூச்சு பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை. சிரிக்க முடியவில்லை, இரும முடியவில்லை. தும்மல் வந்தால் செத்தேன் என்று சமையலறையில் தாளிப்பதையே நிறுத்தச் சொன்னேன். அன்றைக்குத் தாளிக்காத சாம்பார்தான். என் மனைவி அதைப் பிற்பாடு பல வருஷத்துக்குச் சொல்லிக்காட்டுவதற்காகப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டாள்.

அவளே கைத்தாங்கலாக அழைத்துப்போய் அண்ணாத்தே கடையில் நிறுத்தினாள். கிழக்கே பார்த்து ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். பின்னால் அவர். எனக்குப் பின்னால் ஒரு நீண்ட வரிசை.

"இன்னா சார் தூக்குன?"

"மிக்ஸி பெட்டி."

"மிக்ஸி உள்ள கீதா?"

"இல்லை."

"அப்ப வெறும் பொட்டியா?"

"ஆமாம்."

"இரும்புப் பொட்டியா, அட்டப் பொட்டியா?"

நான் ஷட்டரில் இருந்த துருவைப் பார்த்தேன். "அட்டப் பெட்டிதான் அண்ணாத்தே" என்று என் மனைவி காட்டிக்கொடுத்தாள்.

அவர் வரிசையின் பக்கம் திரும்பி, "யோவ், எல்லாம் கொஞ்சம் வழி உடுங்கப்பா. சாரு காத்தத் தூக்கிக்கினாரு, சீரியஸ் கேஸு" என்றார். வரிசை குலுங்கிச் சிரித்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் கோபத்துக்கு நடுவே எனக்கே சிரிப்பும் வந்துவிட்டது. விலா வலியோடு வலியாகக் குலுங்கியது. ஐயோ என்று சிரித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் பொத்தென்று ஒரு உதை. பெயர்தான் உதை. பூனை வந்து உரசியதுபோலத்தான் இருந்தது. கிளிப் கழன்றுவிட்டது. முழு மூச்சு போய் வந்தது. அன்று முதல் நான் அந்தக் காலின் பரம பக்தன்.

இப்படி ஊரே பக்தியோடு இருந்த வேளையில்தான் எதிர்க்கடையில் நஸ்ரின் வந்து பிசியோதெரபி கிளினிக் திறந்தாள். பூந்தமல்லிக்காரப் பெண். படித்து முடித்த கையோடு கடன் வாங்கிப் போட்ட கிளினிக். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை நிறுத்தி வைத்திருந்தாள். முதல் நாளே அண்ணாத்தே கேனோடு போய் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"டாக்டரம்மா, இது தலையால பொறந்த கேஸா, காலால பொறந்த கேஸா?"

"அண்ணாத்தே, இது பிளாஸ்டிக்."

"பிளாஸ்டிக்குன்னாலும் அதுக்குன்னு ஒரு பொறப்பு கீதுல்ல?"

நஸ்ரின் சிரித்துவிட்டாள். அதனாலேயே அவர்களுக்குள் பேச்சு வளர்ந்தது. கேன் போடப் போகும்போதெல்லாம் அந்த எலும்புக்கூட்டின் முன்னால் ஒரு விவாதம். நானும் பேப்பர் படிக்கிற சாக்கில் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன்.

"இதோ பாருங்க அண்ணாத்தே. விலா எலும்புக்கு நடுவுல நடுவுல மெல்லிசா சதை இருக்கும். ரெண்டு அடுக்கு. ஒன்னு இப்படிச் சாய்வா, இன்னொன்னு அப்படிச் சாய்வா" என்று இரண்டு கை விரல்களையும் கோத்துக் காட்டினாள். "மூச்சு இழுக்குறப்ப வெளி அடுக்கு விலாவைத் தூக்கும். வாளியோட கைப்பிடியத் தூக்குனா பக்கத்துல விரிஞ்சு மேல வருதுல்ல, அந்த மாதிரி. தும்முறப்ப, இருமுறப்ப உள் அடுக்கு இறுக்கிக் கீழ இறக்கும். இதுல ஏதாவது ஒரு சதை பயந்து இறுகிக்கிச்சுன்னு வைங்க, ஒவ்வொரு மூச்சுக்கும் குத்தும். கை வலிச்சா கையைத் தொங்கப் போட்டுக்கலாம். மூச்சு விடாம இருக்க முடியுமா? அதுக்கு லீவே கிடையாது."

"பாவம். தண்ணி கேன் போடுறவன் மாதிரி" என்றார் அண்ணாத்தே.

"கீழ் முதுகுக்கு வாங்க. கடைசி விலாவுக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் பட்டையா ஒரு சதை. நீங்க வலது கையில கேனத் தூக்குனா, உடம்பு அந்தப் பக்கம் சாஞ்சுடாம இழுத்துப் புடிக்கிறது இடது பக்கச் சதை."

"தூக்குறது ஒருத்தன், நோவுறது இன்னொருத்தனா? நம்ம ஊட்டுக் கதை மாதிரியே கீது."

அதோடு அவர் கேனை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆனால் கேட்கக் கூடாததைக் கேட்டார். "அப்ப நம்ம ஒதை இன்னா பண்ணுது?"

நஸ்ரினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "ஒதை ஒன்னும் பண்ணல அண்ணாத்தே. நீங்க பேசிச் சிரிக்க வெக்கிறீங்க. சிரிச்சா விலா நல்லா விரியும், சதை பயத்த விட்டுட்டு இளகும். பாதிப் பேருக்கு அதுலயே சரியாயிடுது. மீதிப் பேருக்கு ரெண்டு மூணு நாள்ல தானா விட்டுடும்." கூடவே இன்னொன்றையும் சொன்னாள். "அந்த ஒத்த ஷூவ மட்டும் கழட்டிடுங்க. ஒரு கால் மேடு, ஒரு கால் பள்ளம். இடுப்பு சாயுது. ஒரு பக்கச் சதை நாள் பூரா தம் கட்டி இழுத்துகிட்டு நிக்குது. என்னைக்காவது மொத்தமா புடிச்சுக்கும்."

அண்ணாத்தேயின் முகம் சுருங்கிவிட்டது. "என் காலு மேல கண்ணு வெக்காதம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு ஒரு வாரம் அவள் கிளினிக்குக்குக் கேன் உள்ளே போகவில்லை. வாசலிலேயே வைத்துவிட்டு, இடது காலால் லேசாகத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். அவரிடம் சொத்து என்று என்ன இருந்தது? கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படிப்பு இல்லை. ஊரில் நாலு பேர் அவரைத் தேடி வந்தார்கள் என்றால் அந்தக் காலுக்காகத்தான். அதைப் போய் ஒன்றும் பண்ணவில்லை என்று சொன்னால் மனுஷனுக்கு வலிக்காதா.

நஸ்ரின் சொன்ன அந்த 'என்னைக்காவது', என் வீட்டு வாசலில் வந்து சேர்ந்தது. ஒரு காலை வேளை. அண்ணாத்தே மூன்றாவது மாடி ஏறி வந்து, கேனைத் தோளில் இருந்து இறக்கினார். பாதி இறக்கியிருக்கும்போது உள்ளே என் மனைவி காய்ந்த மிளகாயைத் தாளித்தாள். அண்ணாத்தேக்குத் தும்மல் வந்தது. கேன் தரையைத் தொட்டது, தும்மலும் முடிந்தது, மனிதர் மட்டும் நிமிரவில்லை. கேனின் கழுத்தைப் பிடித்த கை பிடித்தபடி, குனிந்த முதுகு குனிந்தபடி நின்றுவிட்டார்.

"அண்ணாத்தே?"

"சார்... புடிச்சிகினு... கீது."

ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு என்று சில்லறையாகத்தான் பேச்சு வந்தது. நான் கீழே ஓடி நஸ்ரினைக் கூட்டிவந்தேன். அவள் அவர் முதுகில் கை வைக்கப்போனாள்.

"தொடாத."

"அண்ணாத்தே, ரொம்ப இறுகியிருக்கு. நான் மெதுவா..."

"கால்ல... பொறந்தவன்... நானு. எனக்கு... கை வைத்தியமா? கீழ... லைன்ல... நிக்கிறவன்... நாளைக்கு... இன்னா சொல்லுவான்? காலு... தான்... வேணும்."

சொன்னதோடு நிற்காமல், தன் முதுகைத் தன் வலது காலாலேயே உதைத்துக்கொள்ள முடியுமா என்றும் ஒரு முயற்சி செய்தார். லுங்கி தடுத்தது, இடது கால் தள்ளாடியது, நான் பாய்ந்து பிடித்துக்கொண்டேன். நஸ்ரின் ஒன்றும் வாதாடவில்லை. என் வீட்டுத் தலையணைகளைக் கொண்டுவரச் சொல்லி, கேன் மேல் அடுக்கி, அவர் நெஞ்சை அதில் சாய்த்துவிட்டாள்.

சரி, இன்னொரு கால் பிறப்பாளியைக் கண்டுபிடித்தாக வேண்டும். எங்கள் அபார்ட்மெண்ட் செயலாளர் வாட்ஸாப் குழுவில் ரத்தம் கேட்பது மாதிரியே ஒரு செய்தி போட்டார். "மிக அவசரம். மூன்றாவது மாடியில் ஒருவருக்குக் காலால் பிறந்தவர் உடனடியாகத் தேவை. வயது தடையில்லை."

பதில்கள் பறந்து வந்தன. "சிசேரியன் பரவாயில்லையா?" என்றார் ஒருவர். ஒரு அம்மாள் தன் நட்சத்திரம் கார்த்திகை என்றும், போதுமா என்றும் கேட்டார். ஐயப்பன்தாங்கலில் இருக்கிற தன் மச்சானுக்குக் காலில் ஆறு விரல் என்றும், உபயோகப்படுமானால் பஸ் ஏற்றி அனுப்புவதாகவும் இன்னொருவர் எழுதினார். முதல் மாடிக்காரர் மட்டும் எதையும் படிக்காமல், "இன்னும் தண்ணீர் கேன் வரவில்லை, இது மூன்றாவது முறை" என்று புகார் போட்டார்.

இதற்கிடையில் என் மனைவி அண்ணாத்தேயின் சட்டைப்பையில் இருந்த போனை எடுத்து, மாங்காடு அக்கா என்றிருந்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டாள். அவருக்கு ஒரு வயது மூத்த அக்கா. மாங்காட்டுக் கோயில் வாசலில் பூக்கடை. தம்பி குனிந்த வாக்கில் நிற்கிறான் என்று கேள்விப்பட்டதும் பூக்கூடையைக்கூட வைக்காமல் அப்படியே ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தார். குள்ளமான உருவம், தடித்த கண்ணாடி. மூச்சு வாங்க மாடி ஏறி வந்தவர் தம்பியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இன்னாடா இது, தலவாணி மேல ஆமை மாதிரி."

"கால்ல பொறந்தவங்களத் தேடிக்கிட்டு இருக்கோம் அக்கா" என்றாள் என் மனைவி. "ஒருத்தரும் கெடைக்கல."

அக்கா கூடையைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். தம்பியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்.

"தேடாதீங்க. கால்ல பொறந்தது நாந்தான்."

நாங்கள் எல்லோரும் அண்ணாத்தேயைப் பார்த்தோம். அவரால் திரும்பி யாரையும் பார்க்க முடியவில்லை. தலையணையைப் பார்த்தபடியே, "அக்கா... டமாஸு... பண்ணாத..." என்றார்.

"டமாஸு இல்லடா. எங்கப்பா பாக்டரி வேலைக்குன்னு ஆவடிக்கு வந்தப்ப குவார்ட்டர்ஸ்ல எல்லாம் புதுசு. எங்கெங்கேந்தோ வந்த ஜனம். பக்கத்து ஊட்டுக்காருக்கு இடுப்பு புடிச்சிகிச்சு. எங்கம்மா வாயி சும்மா இல்லாம, எங்க ஊட்லயே ஒரு கொழந்தை கால்ல பொறந்தது கீதுன்னு சொல்லிடுச்சு. ஊரே வந்து எதுமா எதுமான்னு கேக்குது. அம்மா என்னப் பாத்துச்சு. பொட்டப் புள்ள ஊரான் முதுகெல்லாம் ஒதைச்சிகினு கெடந்தா நாளைக்கு எவன் கட்டுவான்னு யோசிச்சிருக்கும் போல. இவனக் கையக் காட்டிடுச்சு. அப்பால அதுவே நெசமாயிட்ச்சு. எனக்கு வெவரம் தெரிஞ்சப்ப அம்மா சொல்லிச்சு. இவங்கிட்ட சொல்ல மனசு வரல."

தெருவில் யாரோ வண்டி கிளப்புகிற சத்தம் கேட்டது.

"இப்ப இன்னாத்துக்கு சொல்றேன்னா, நீ இப்படி நிக்கிறதப் பாத்துகினு சும்மா இருக்க முடியலடா" என்ற அக்கா, சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நவுருங்க" என்றார். வலது காலால் தம்பியின் இடுப்பில் ஒரு உதை. ஒன்றும் நடக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இடது காலால் ஒன்று. அதுவும் வீண். "இன்னொரு தபா" என்று கொஞ்சம் பலமாகவே விட்டார். கேன்தான் ஆடியது.

அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. அப்போதுதான் தலையணைக்குள்ளிருந்து கிக்கிக்கென்று ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அண்ணாத்தே சிரித்துக்கொண்டிருந்தார்.

"உன்... காலும்... வேலைக்கு... ஆவல... பாத்தியா..."

"டேய், நான் இதுவரைக்கும் ஒருத்தனக் கூட ஒதைச்சதில்லடா. பழக்கமே கெடையாது."

"லைசென்ஸு... உன்னுது... வண்டி ஓட்டுனது... நானு..."

அக்காவும் சிரித்துவிட்டார். அதைக் கேட்டு அண்ணாத்தேக்கு இன்னும் சிரிப்பு. வலியில் ஐயோ ஐயோ என்கிறார், நடுநடுவே சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. அது எந்தத் தண்ணீர் என்று நான் விசாரிக்கவில்லை. விலா அப்படி விரிந்து விரிந்து குலுங்கியதில் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். நஸ்ரின் அந்தச் சமயத்தை விடாமல் அவரைப் பாயில் பக்கவாட்டில் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, "மெதுவா மூச்சு இழுங்க, விலா விரியட்டும்" என்று சொல்லிக்கொடுத்தாள். இந்த முறை அவர் மறுக்கவில்லை.

கிளம்பும்போது அக்கா சொன்னார். "அந்தக் காலை நீயே வெச்சிக்கடா. எனக்கு எதுக்கு அது."

"இல்லக்கா. அது உன்னுது" என்றார் அண்ணாத்தே.

ஒரு வாரம் ஓய்வு எடுத்துவிட்டு அவர் மறுபடி கேனோடு வந்த அன்று தெருவே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. இரண்டு காலிலும் ரப்பர் செருப்பு. மொபெட்டில் உட்கார்ந்து, எல்லோரையும்போல வலது காலால் கிக்கரை உதைத்தார். ஒரே உதையில் வண்டி கிளம்பிவிட்டது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பிடிப்போடு வருகிறவர்களை எல்லாம், "எதிர்ல போ நைனா, டாக்டரம்மா கீது" என்று கை காட்டிவிட்டார். நஸ்ரினின் கிளினிக்கில் உட்கார இடமில்லை. அண்ணாத்தேயின் இடுப்பும் ஒழுங்காகிவிட்டது, இரண்டு காலும் சமமாக நிற்கிறதே. ஆனால் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். வருவார், கேனை வைப்பார், காலிக் கேனை எடுப்பார், போவார். "கேன் வருது, மனுஷன் வரலையே" என்றாள் என் மனைவி.

நான் ஒருநாள் நிறுத்திக் கேட்டேன். படியில் உட்கார்ந்து தன் இரண்டு காலையும் பார்த்தபடி பேசினார்.

"ஒண்ணுமில்ல சார். விசேஷமா ஒரு காலு கீதுன்னு நெனச்சிகினு இத்தினி நாளா நடந்துகினு இருந்தேன். இப்ப ரெண்டும் சும்மா காலு. நடக்குறதுக்கே இன்னாமோ மாதிரி கீது."

அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை காலை, இடுப்பில் ஒரு கையும் விலாவில் ஒரு கையுமாக, ஒவ்வொரு படிக்கும் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். எனக்கு உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. நேராகப் போய் அண்ணாத்தே கடை ஷட்டரைப் பிடித்துக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றேன்.

"எதிர்ல போ சார்" என்றார் அவர்.

"முடியல அண்ணாத்தே. நடக்க வரல."

"மூணாவது மாடிலேந்து எறங்கி வந்த, ரோட்டைத் தாண்ட முடியாதா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஐயோ அம்மா என்று முனகி வைத்தேன். அவர் தெருவின் குறுக்கே கையை ஆட்டி நஸ்ரினைக் கூப்பிட்டார். அவள் வந்து என் முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே வந்தாள். கடைசி விலாவுக்குக் கீழே அழுத்தினாள். "நல்லா மூச்சு இழுங்க" என்றாள். நான் ஒரு முட்டாள், நெஞ்சு நிறைய இழுத்துவிட்டேன்.

அவள் விரல் நின்றது. மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்துவிட்டது. என் முதுகு இட்லி மாதிரி மெத்தென்று இருப்பதை அந்த விரல்களிடம் மறைக்க முடியுமா? தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம், கடையின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அண்ணாத்தேயைப் பார்த்தாள்.

"ரொம்ப இறுகிப் புடிச்சிருக்கு" என்றாள் நஸ்ரின், பொய் சொல்லத் தெரியாத பெண். "கல்லு மாதிரி இருக்கு. இது என் கையால ஆகாது அண்ணாத்தே. நீங்கதான் ஒதைக்கணும்."

அண்ணாத்தே அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெல்ல என் பின்னால் வந்து நின்றார்.

"இன்னா சார் தூக்குன?"

"அட்டப் பெட்டி."

"உள்ள இன்னா கீது?"

"ஒண்ணுமில்ல அண்ணாத்தே."

அவர் தொண்டையில் அந்தக் கிக்கிக் சத்தம் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். ரொம்பத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எந்தக் காலு சார்?"

"எதுவா இருந்தா என்ன அண்ணாத்தே."

பின்னால் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. உதை விழுந்தது. எந்தக் கால் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.